முதுகுப் பரு: தேய்க்கும் நாரைக் கீழே வைப்பதுதான் முதல் வைத்தியம்

முகத்தில் பரு வந்தால் கண்ணாடி சொல்லிவிடும், அம்மா சொல்லிவிடுவார், பக்கத்து வீட்டு அத்தையும் சொல்லிவிடுவார். முதுகில் வருவதை யாரும் பார்ப்பதில்லை. ஒகேனக்கலுக்குக் கூட்டமாகப் போன பையன்கள் எல்லாம் அருவியில் நிற்க, ஒருவன் மட்டும் சட்டையைக் கழற்றாமல் பாறையில் உட்கார்ந்திருப்பான். கல்யாணத்துக்கு ரவிக்கை தைக்கக் கொடுக்கும் பெண், "பின்னாடி கழுத்தை நல்லா ஏத்தி வெச்சுத் தைங்கக்கா" என்பாள். இரண்டு பேரும் வருஷக்கணக்கில் அதை மறைத்திருப்பார்கள். வைத்தியம் உண்டு என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

தருமபுரிப் பக்கம் மருந்துக் கடையில் மருந்தாளுநராக நிற்கிறேன். "அண்ணா, முதுகெல்லாம் கொப்புளமா இருக்கு, ஏதாவது ஒரு டியூப் குடுங்க" என்று தணிந்த குரலில் கேட்பவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதத் தோன்றியது. முதல் தடவை இதைக் கவனிக்கத் தொடங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன். உடம்புப் பரு அழுக்கால் வருவதில்லை. சரியான மருந்தை விடாமல் போட்டால் பெரும்பாலானவர்களுக்கு நன்றாகவே அடங்கும். ஆனால் அதற்கு மூன்று மாதம் பிடிக்கும்.

உள்ளே என்ன நடக்கிறது

ஒவ்வொரு மயிர்க்காலோடும் ஓர் எண்ணெய்ச் சுரப்பி ஒட்டியிருக்கிறது. முகம், நெஞ்சின் மேல்பாகம், தோள், மேல்முதுகு ஆகிய இடங்களில் இந்தச் சுரப்பிகள் அதிகம். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் கிடையாது, அதனால் அங்கே பரு வருவதும் இல்லை. வயதுக்கு வரும் காலத்தில் ஆண்ட்ரோஜன் ஹார்மோன்கள் கூடி, சுரப்பி எண்ணெயை அதிகமாகச் சுரக்கும். துளையின் வாயில் தானாக உதிர வேண்டிய செத்த தோல் உதிராமல் ஒட்டி அடைத்துக்கொள்ளும். தேங்கிய எண்ணெயில், எல்லோர் தோலிலும் எப்போதும் குடியிருக்கும் குட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்ற நுண்ணுயிர் பெருகும். உடம்பு அதை எதிர்க்கும்போதுதான் சிவப்பும் வலியும் சீழும் வருகின்றன.

அடைப்பு துளைக்கு உள்ளே இருக்கிறது. பீர்க்கங்காய் நாரும் தேங்காய் நாரும் சொரசொரப்பான கல்லும் அங்கே போய்ச் சேராது. அழுத்தித் தேய்த்தால் துளையின் சுவர் உள்ளுக்குள் உடையும். அதில் இருப்பதெல்லாம் சுற்றியுள்ள தோலுக்குள் கசிந்து, கடுகளவு பரு சுண்டைக்காய் அளவு கட்டியாகிவிடும். கரும்புள்ளியின் கறுப்பும் அழுக்கு அல்ல. துளையின் வாயில் தோலின் நிறமி காற்றுப்பட்டுக் கறுத்துப் போவதுதான் அது. ஆகவே நாரை இன்றைக்கே எடுத்து வையுங்கள். பாத்திரம் தேய்க்கட்டும்.

முதலில் அது பருதானா என்று பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அதிகம். மருந்து தப்பாகப் போவதும் இங்கேதான். வீட்டில் ஒருவரைக் கூப்பிட்டு, நல்ல பகல் வெளிச்சத்தில், செல்போனில் முதுகைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். அந்தப் படத்தை அழிக்காதீர்கள், பிறகும் தேவைப்படும்.

பருவில் பல ரகம் கலந்திருக்கும். ஒரு பக்கம் வெள்ளைப் புள்ளி, ஒரு பக்கம் கரும்புள்ளி, நடுவில் சிவந்த பரு, ஒன்றிரண்டு சீழ் கோத்தது, அங்கங்கே பழைய கறுப்புத் தடம். தொட்டால் வலிக்கும், அரிப்பு அவ்வளவாக இருக்காது.

ஒரே அளவில், ஒரே மாதிரி, அச்சில் வார்த்தது போலச் சின்னச் சின்னப் பொரிகள் மேல்முதுகிலும் நெஞ்சிலும் தோள்பட்டையிலும் கிளம்பி, வியர்த்தால் அரிப்பு தாங்கவில்லை என்றால் சந்தேகப்பட வேண்டியது பூஞ்சையை. மலசீசியா என்ற பூஞ்சை மயிர்க்காலுக்குள் பெருகுவதால் வருவது இது. தேமலுக்கும் இதே பூஞ்சைதான் காரணம், இரண்டும் சேர்ந்தே இருப்பவர்களும் உண்டு. வெயில் காலத்தில் கூடும். வேறு எதற்காவது ஆன்டிபயாட்டிக் மாத்திரை சாப்பிட்ட பிறகு திடீரென்று கிளம்புவதும் வழக்கம். பரு என்று நினைத்து மேலும் ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் இது அடங்குவதற்குப் பதிலாகப் பெருகும். பூஞ்சை என்று உறுதியானால் 2 சதவீதக் கீட்டோகோனசோல் ஷாம்புவையே முதுகில் நுரைக்கப் பூசி, ஐந்து நிமிடம் விட்டுக் கழுவச் சொல்வார்கள். எத்தனை நாள் என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

வேர்க்குரு வேறு. சித்திரை வெயிலில் ஒரே நாளில் படர்ந்து, முள் குத்துவது போலச் சுருக்கென்று இருக்கும். காற்றாடக் கிடந்தால், பருத்தித் துணி போட்டால், சில நாளில் தானே அடங்கும். மேல்கையின் பின்பக்கம் கோழித்தோல் போலச் சொரசொரவென்று சின்ன முளைகள் வருஷம் முழுக்க இருந்தால் அதுவும் பரு இல்லை. அது பிறவி வாகு. யூரியா கலந்த ஈரப்பதக் களிம்பு போட்டால் மென்மையாகும்.

நம் மாவட்டங்களில் வரும் இரண்டு குழப்பங்களைச் சொல்ல வேண்டும். கிருஷ்ணகிரி, பர்கூர், காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பில் காய் பறிக்கிறவர்கள் மேல் காம்புப் பால் தெறித்தால், பட்ட இடம் எரிந்து, சிவந்து, கொப்புளித்து, பிறகு கறுக்கும். பால் பட்டவுடன் சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டும். அதன் மேல் பருக் களிம்பைப் போட்டால் எரிச்சல் இரட்டிப்பாகும். இன்னொன்று, வயல் வரப்பில் மண்டிக் கிடக்கும் பார்த்தீனியம். அதன் ஒவ்வாமை முகம், கழுத்து, முழங்கை மடிப்பு என்று காற்றுப்படும் இடங்களில் அரிப்பாக, செதிலாக வரும். இதற்கும் பருவுக்கும் சம்பந்தமில்லை.

கடைசியாக ஒன்று. அக்குளிலும் தொடை இடுக்கிலும் மார்புக்கு அடியிலும் வலிக்கும் கட்டி திரும்பத் திரும்ப அதே இடத்தில் வந்து, உடைந்து, தழும்பாகி, மறுபடி வந்தால் அதைச் சூட்டுக்கட்டி என்று விட்டுவிடாதீர்கள். ஹைட்ராடினைட்டிஸ் என்ற தனி நோயாக இருக்கலாம். சீக்கிரம் பிடித்தால் கட்டுப்படுத்த முடியும், விட்டால் தோலுக்கு அடியில் புரை ஓடும். வெட்கத்தால் பல வருஷம் சொல்லாமல் இருந்துவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது. தோல் மருத்துவரிடம் நேராகக் காட்டுங்கள்.

ஸ்டீராய்டுக் களிம்பைத் தொடாதீர்கள்

மற்றதெல்லாம் மறந்தாலும் இது மறக்கக் கூடாது. "எல்லாத்துக்கும் கேக்கும்" என்று ஊரில் கைமாறும் டியூப்கள் இருக்கின்றன. சிவப்பையும் அரிப்பையும் அடக்கும் ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாட்டிக் மூன்றையும் ஒன்றாகக் கலந்தவை. போட்ட இரண்டாம் நாளே சிவப்பு இறங்கும், அரிப்பு நிற்கும், நம்பிக்கை வந்துவிடும். சில வாரத்தில் தோல் மெலிந்து, நரம்பு தெரிய ஆரம்பித்து, அந்த இடத்திலேயே ஸ்டீராய்டுப் பரு கிளம்பும். நிறுத்தினால் முன்பைவிட மோசமாகும். பயந்து மறுபடி அதையே போடுவார்கள். இந்தச் சுழலில் சிக்கிக்கொண்டவரை வெளியே கொண்டுவருவது பருவை ஆற்றுவதைவிடக் கடினம்.

ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-ல் மத்திய அரசு விதியை இறுக்கியது. ஆனாலும் கேட்டால் கிடைக்கும் இடங்கள் இருக்கத்தான் செய்கின்றன. டியூபின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டாசால், மொமெட்டசோன், புளூசினலோன் என்று ஏதாவது ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. பருவுக்கு வேண்டாம். தங்கைக்கு டாக்டர் கொடுத்தது, மாமாவுக்கு நன்றாகக் கேட்டது என்பதெல்லாம் உங்கள் முதுகுக்குப் பொருந்தாது.

வாய் வழியாகப் போகும் ஸ்டீராய்டும் இதையே செய்யும். ஒல்லியாக இருக்கிறோம் என்று சதை போட மாத்திரை வாங்கிச் சாப்பிடும் பிள்ளைகள் உண்டு. அவற்றில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு இருக்கலாம். உடற்பயிற்சிக் கூடத்தில் சிலர் போட்டுக்கொள்ளும் ஊசியில் இருப்பது வேறு வகை ஸ்டீராய்டு, அதுவும் பருவைக் கிளப்பும். நெஞ்சிலும் முதுகிலும் ஒரே நேரத்தில் கொத்தாகப் பரு கிளம்பினால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, கடைசி இரண்டு மாதத்தில் என்ன சாப்பிட்டாய் என்பதுதான். பல நாள் சாப்பிட்டிருந்தால் திடீரென்று நீங்களாக நிறுத்த வேண்டாம், அதுவும் ஆபத்து. மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார். காசநோய்க்கான ஐசோனியசிட், வலிப்புக்கான பெனிட்டாயின், மனநலத்துக்கான லித்தியம் ஆகியவையும் பருப்போன்ற பொரிகளைக் கிளப்பக்கூடும். இவற்றைப் பருவுக்குப் பயந்து நிறுத்தவே கூடாது. எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் சொல்லுங்கள், போதும்.

குளிக்கும் வரிசையை மாற்றுங்கள்

இது காசு செலவில்லாத படி. தலைக்கு ஊற்றுகிறவர்கள் பலர் முதலில் உடம்புக்குச் சோப்புப் போட்டுவிட்டுக் கடைசியில் தலையை அலசுவார்கள். தலையில் இருந்து இறங்கும் எண்ணெயும் ஷாம்புவும் கண்டிஷனரும் முதுகில் வழிந்து அங்கேயே தங்கிவிடும். வரிசையை மாற்றுங்கள். முதலில் தலை, அதை நன்றாக அலசி முடியைத் தூக்கிக் கட்டிவிட்டு, அதன் பிறகு முதுகும் நெஞ்சும்.

எண்ணெய்க் குளியலை விடச் சொல்லவில்லை. செவ்வாய், வெள்ளி, புதன், சனி என்று வீட்டு வழக்கப்படி தேய்த்துக்கொள்ளுங்கள். ஆனால் பரு இருக்கும் வரைக்கும் எண்ணெய் தலையோடும் கை காலோடும் நிற்கட்டும். முதுகு, நெஞ்சு, தோளில் தேய்க்க வேண்டாம். தேங்காய் எண்ணெய் துளையை அடைக்கக் கூடியது. ஒகேனக்கலில் பாறையில் படுக்க வைத்து எண்ணெய் தேய்த்து, தட்டி, உருவிவிடுவார்களே, அந்தச் சுகத்தை நானும் அறிவேன். ஆனால் சீழ்ப் பரு உள்ள முதுகில் அந்த எண்ணெயும் அழுத்தமும் இரண்டும் கெடுதல். கால் மட்டும் போதும் என்று சொல்லிவிடுங்கள். எண்ணெயை எடுக்க அரப்புத் தூளோ சீயக்காயோ போடுகிறவர்கள் அதையே முதுகில் போட்டு உரசாமல், தலையோடு அலசி இறக்குங்கள்.

பெண் பிள்ளைகள் எண்ணெய் வைத்துப் பின்னிய ஜடை நாள் முழுக்க முதுகிலேயே படுத்திருக்கும். ஜடை படும் பாதையில் மட்டும் பரு இருப்பதைக் கவனித்தால் காரணம் புரிந்துவிடும். பள்ளிக்கூட நாட்களில் மடித்துக் கட்டுங்கள், எண்ணெயைக் குறையுங்கள்.

தண்ணீர் விஷயமும் இருக்கிறது. நம் பக்கத்து ஆழ்குழாய்த் தண்ணீர் பல ஊரில் உப்பு. சோப்பு நுரைக்காது, குளித்த பிறகும் ஒரு பிசுபிசுப்பு தோலில் நிற்கும். கடினத் தண்ணீரில் உள்ள கால்சியம் சோப்போடு சேர்ந்து உண்டாக்கும் படிவு அது. நுரை வரவில்லையே என்று சோப்பை மேலும் மேலும் தேய்த்தால் தோல் காய்ந்து எரியும். வாசனை குறைந்த, சோப்பில்லாத கிளென்சர் இந்தத் தண்ணீரில் படிவு விடாது. தண்ணீரில் இருக்கும் ஃபுளோரைடால்தான் பரு வருகிறது என்று பலர் கேட்கிறார்கள். ஃபுளோரைடு அளவு மீறினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவந்து 2013-ல் தொடங்கி வைத்தார்கள். குடிக்க அந்தத் தண்ணீரையே பிடியுங்கள். முதுகுப் பருவுக்குக் காரணத்தை வேறு இடத்தில் தேடுங்கள்.

வியர்த்து ஊறினால் சீக்கிரம் குளித்துவிடுங்கள். குளிக்க முடியாத இடத்தில் ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, சட்டையை மாற்றினாலும் நல்லது. ஒரு நாளைக்கு இரண்டு குளியலுக்கு மேல் வேண்டாம்.

மருந்து: ஒன்றில் தொடங்குங்கள்

லேசான, நடுத்தரமான உடம்புப் பருவுக்கு நான் முதலில் சொல்வது பென்சாயில் பெராக்சைடு. மயிர்க்காலுக்குள் இருக்கும் நுண்ணுயிரைக் கொல்லும், அடைப்பையும் ஓரளவு தளர்த்தும். எத்தனை நாள் போட்டாலும் நுண்ணுயிர் இதற்குப் பழகிப் போவதில்லை. ஆன்டிபயாட்டிக்குக்கு இல்லாத பெருமை இது. 2.5 சதவீதம், 5 சதவீதம் என்று ஜெல்லாகவும், கழுவிவிடும் வாஷாகவும் கிடைக்கிறது. முகம் கழுவ என்று அட்டையில் போட்டிருந்தாலும் முதுகுக்குப் போடலாம்.

போடும் விதம் இப்படி. முதலில் முழங்கைக்கு உள்பக்கம் ஒரு பொட்டளவு வைத்து இரண்டு நாள் பாருங்கள். தடித்து வீங்கினால் அது உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, விட்டுவிடுங்கள். ஒன்றும் இல்லையென்றால், தலை அலசி முடித்ததும் ஈர முதுகில் வாஷைப் பரப்புங்கள். பருவின் தலையில் பொட்டு வைப்பதல்ல, பரு வரும் இடம் முழுவதும் மெல்லிசாகப் படர வேண்டும். இன்றைக்குத் தெரியாத பரு அங்கே உருவாகிக்கொண்டிருக்கிறது. இரண்டு முதல் ஐந்து நிமிடம் அப்படியே விட்டு, நன்றாகக் கழுவுங்கள். உடனே கழுவினால் பயனில்லை. முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். காய்தலும் எரிச்சலும் இல்லையென்றால் தினமும்.

கை எட்டவில்லை என்பது எல்லோருக்கும் உள்ள கஷ்டம். வீட்டில் ஒருவர் பூசிவிட்டால் நல்லது. விடுதியில் தனியாக இருப்பவர்கள் நீளக் கைப்பிடி உள்ள மென்மையான ஸ்பாஞ்சில் எடுத்துப் பரப்பலாம், ஆனால் உரசக் கூடாது. அந்த ஸ்பாஞ்சை அலசி வெயிலில் காய வையுங்கள்.

பென்சாயில் பெராக்சைடு துணியை வெளுக்கும். கலர்த் துண்டு, கறுப்புச் சட்டை, பட்டு ரவிக்கை எதில் பட்டாலும் ஆரஞ்சுத் திட்டு விழும், திரும்பாது. வெள்ளைத் துண்டும் வெள்ளை பனியனும் இதற்கென்று வைத்துக்கொள்ளுங்கள். டியூபை வண்டி டிக்கியிலோ ஜன்னல் வெயிலிலோ வைக்க வேண்டாம், சூட்டில் மருந்து சிதையும்.

கரும்புள்ளியும் வெள்ளைப் புள்ளியும்தான் அதிகம், சிவந்த பரு குறைவு என்றால் 2 சதவீதச் சாலிசிலிக் அமில வாஷ் உதவும். எண்ணெயில் கரைந்து துளைக்குள் இறங்கும் தன்மை அதற்கு உண்டு. ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வேண்டாம். பென்சாயில் பெராக்சைடையும் இதையும் ஒரே நாளில் சேர்த்துப் போட்டுத் தோலைப் புண்ணாக்கிக்கொள்ளாதீர்கள்.

இது போதவில்லை என்றால் மருத்துவர் இரவில் பூச 0.1 சதவீத அடாபலீன் ஜெல் எழுதுவார். அடைப்பு உருவாவதையே தடுக்கும் மருந்து. முதல் சில வாரம் தோல் காயும், லேசாக உரியும், பரு கொஞ்சம் கூடுவது போலக்கூடத் தெரியும். ஈரப்பதக் களிம்பு போட்டுக்கொண்டு ஒருநாள் விட்டு ஒருநாளாகத் தொடர்ந்தால் பழகிவிடும். கர்ப்பமாக இருப்பவர்களும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களும் அடாபலீன் போடக் கூடாது. அவர்களுக்கு அசெலாயிக் அமிலம் போன்ற வேறு வழி உண்டு, மருத்துவரைக் கேட்டுப் போடுங்கள். கிளிண்டமைசின் ஜெல்லைத் தனியாக மாதக்கணக்கில் பூசுவதும் தப்பு. நுண்ணுயிர் அதற்குப் பழகிவிடும். பென்சாயில் பெராக்சைடோடு சேர்த்துத்தான் போட வேண்டும்.

நான்காவது நாள் டியூபைத் திருப்பிக் கொண்டுவந்து "கேக்கல" என்பவர்களிடம் நான் கெஞ்சியே சொல்வது, ஆறிலிருந்து எட்டு வாரம் பொறுங்கள் என்று. அப்போதுதான் வித்தியாசம் தெரியத் தொடங்கும். பன்னிரண்டு வாரத்தில் முதல் நாள் எடுத்த படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கண்ணால் தினமும் பார்ப்பவருக்குத் தெரியாத மாற்றம் படத்தில் தெரியும்.

வீட்டு வைத்தியத்தில் எதெல்லாம் வேண்டாம் என்று கேட்டால், எலுமிச்சைச் சாறு முதலாவது. அதைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து கறுத்துவிடும். பற்பசை, சுண்ணாம்பு, சோடா உப்பு மூன்றும் புண்ணாக்கும். வேப்பிலை போட்ட தண்ணீரில் குளிப்பதாலும் பயத்தம் மாவு தேய்க்காமல் பூசிக் கழுவுவதாலும் பெரிய கெடுதல் இல்லை, ஆனால் அவற்றை மட்டும் நம்பிக் கட்டிப் பருவை வளர விடாதீர்கள்.

வேலையும் உடுப்பும்

வியர்வை, சூடு, அழுத்தம், உரசல் நான்கும் ஓரிடத்தில் சேர்ந்தால் அங்கே பரு வரும். லாரி ஓட்டுகிறவருக்குச் சீட்டில் சாயும் இடத்தில், பள்ளிப் பிள்ளைக்குப் பைப்பட்டை பதியும் தோளில், பெண்களுக்கு உள்ளாடைப் பட்டையின் அடியில். பெங்களூரு சாலையில் கிருஷ்ணகிரி தாண்டித் தொப்பூர் கணவாய் வரைக்கும் ரெக்சின் சீட்டில் முதுகை ஒட்டிக்கொண்டே வருகிறவர், சீட்டின் மேல் பருத்தித் துண்டு ஒன்றைப் போட்டு, வண்டி நிறுத்தும் இடத்தில் அதை மாற்றினாலே பாதி உரசல் குறையும். கபடி ஆடுகிற பையன்கள் நைலான் பனியனோடு ஊர் சுற்றாமல், ஆட்டம் முடிந்ததும் கழற்றிவிட வேண்டும்.

ஓசூர்த் தொழிற்பேட்டைகளில் லேத்திலும் சிஎன்சியிலும் நிற்கும் தம்பிகளுக்குத் தனியாகச் சொல்கிறேன். முன்கையிலும் தொடையின் முன்பக்கத்திலும் கரும்புள்ளியும் பருவும் கொத்தாக வந்தால் அது உலோகத்தை வெட்டும்போது ஊற்றும் கட்டிங் ஆயிலின் வேலை. எண்ணெய் ஊறிய பேன்ட்டை நாள் முழுக்கப் போட்டிருந்தால் துணி வழியாக எண்ணெய் மயிர்க்காலில் இறங்கிக்கொண்டே இருக்கும். எண்ணெய் ஊறாத ஏப்ரன் கேளுங்கள், கம்பெனி உடுப்பைத் தினமும் துவைத்ததாகப் போடுங்கள், ஷிப்ட் முடிந்ததும் அங்கேயே கழுவிக்கொண்டு கிளம்புங்கள். கையைச் சுத்தம் செய்ய டீசல், மண்ணெண்ணெய், தின்னர் தொடக் கூடாது. எண்ணெய்த் துணியைப் பேன்ட் பாக்கெட்டில் சொருகும் பழக்கத்தையும் விடுங்கள். உடுப்பு மாறாமல் இந்தப் பருவுக்கு எந்த மருந்தும் நிற்காது. தளிப் பக்கம் ரோஜாப் பசுங்குடிலுக்குள் வேலை பார்க்கிறவர்களுக்கு எண்ணெய் இல்லை, வேர்வைதான். மாற்றுச் சட்டை ஒன்றைக் கையோடு கொண்டு போங்கள்.

தலையணை உறையும் படுக்கை விரிப்பும் வாரம் ஒருமுறை துவைக்கட்டும்.

சாப்பாடு

மாம்பழம் சூடு, அதனால் பரு என்பது இங்கே எல்லோர் வாயிலும் இருக்கும். செந்தூராவோ மல்கோவாவோ ஒரு பழம் சாப்பிடுவதால் பரு வரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. பழ மாவட்டத்தில் பிறந்துவிட்டுப் பிள்ளைகளைப் பழம் தின்னாதே என்று அடக்குவது எனக்குப் பாவமாகப் படுகிறது. கவனிக்க வேண்டியது சர்க்கரையை. சர்க்கரை கொட்டிய பழச்சாறு, பேக்கரி பன், குளிர்பானம், வெள்ளை மைதா ஆகியவை ரத்தத்தில் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும். அதனால் கூடும் இன்சுலின் எண்ணெய்ச் சுரப்பியையும் தூண்டிவிடும். இவற்றைக் குறைத்துச் சாப்பிட்டவர்களுக்குப் பரு குறைந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பாலும் சிலருக்குப் பருவைக் கூட்டுகிறது, எல்லோருக்கும் அல்ல. உடற்பயிற்சிக்காரர்கள் குடிக்கும் வே புரோட்டீன் பொடிமேல் எனக்குச் சந்தேகம் அதிகம். அதைத் தொடங்கிய பிறகு முதுகு கெட்டிருந்தால் இரண்டு மாதம் நிறுத்திப் பாருங்கள். முட்டை, பருப்பு, கொள்ளு இருக்கின்றன. களியும் கீரைக் குழம்பும் சாப்பிடுகிற வீட்டில் அதை மாற்றவே வேண்டாம்.

எப்போது மருத்துவரிடம்

பட்டாணி அளவுக் கட்டிகள், தொட்டாலே வலி, ஏற்கெனவே தழும்பு விழுகிறது என்றால் பன்னிரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், முதலிலேயே போங்கள். கட்டிகள் திடீரென்று புண்ணாகி, காய்ச்சலும் மூட்டு வலியும் சேர்ந்தால் அன்றைக்கே போக வேண்டும். பெண்களுக்கு மாதவிலக்கு தள்ளித் தள்ளிப் போய், தாடையில் முடி வளர்ந்து, பருவும் அடங்காமல் இருந்தால் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையாக இருக்கலாம். அதற்கு ஹார்மோன் பரிசோதனையும் வேறு மாத்திரையும் உண்டு.

தனியார் மருத்துவமனைக்குச் செலவழிக்க முடியவில்லை என்று யாரும் விட்டுவிட வேண்டியதில்லை. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது. 2022 ஜனவரியில் திறந்த 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் கிருஷ்ணகிரியும் ஒன்று. காலையிலேயே போய் ஓபி சீட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். எளிதாகக் கழற்றக்கூடிய சட்டையைப் போட்டுக்கொண்டு, இதுவரை பூசிய எல்லா டியூபையும், காலியானதாக இருந்தாலும், ஒரு பையில் எடுத்துப் போங்கள். முகத்தை மட்டும் காட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். முதுகிலும் இருக்கிறது என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள், அதைப் பொறுத்தே மருந்து மாறும். பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

அங்கே டாக்சிசைக்ளின் மாத்திரை எழுதினால் நிறையத் தண்ணீரோடு விழுங்கி, உடனே படுக்காமல் இருங்கள், இல்லையென்றால் உணவுக்குழாய் புண்ணாகும். வெயிலில் தோல் சீக்கிரம் கருகும். மூன்று, நான்கு மாதத்துக்கு மேல் இதை இழுக்க மாட்டார்கள், பழைய சீட்டை வைத்து நீங்களாக வாங்கியும் தொடரக் கூடாது. கர்ப்பிணிகளுக்கு ஆகாது. கடுமையான கட்டிப் பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் இருக்கிறது. மிக நன்றாகக் கேட்கும் மருந்து, ஆனால் வயிற்றில் உள்ள குழந்தைக்குக் கொடூரமான ஊனத்தை உண்டாக்கும். சாப்பிடும் காலத்திலும் நிறுத்திய பிறகு ஒரு மாதமும் கர்ப்பம் தரிக்கவே கூடாது, ஆணானாலும் பெண்ணானாலும் ரத்ததானம் செய்யவும் கூடாது. ஈரலுக்கும் கொழுப்புக்கும் ரத்தப் பரிசோதனை பார்த்துக்கொண்டே கொடுப்பார்கள். கல்யாணம் பேசியிருக்கும் பெண் என்றால் தேதியை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

தடமும் தழும்பும்

பரு போன இடத்தில் நிற்கும் கறுப்பு, நம் நிறத்தவர்களுக்குப் பருவைவிட நீண்ட நாள் இருக்கும். அது தழும்பு அல்ல, நிறமி. மாதங்கள் ஆனாலும் மங்கும். அசெலாயிக் அமிலமும் அடாபலீனும் அதைச் சற்று வேகமாக்கும், வெயில் பட்டால் கறுப்பு நிலைத்துவிடும். உண்மையான தழும்பு வருவது பெரும்பாலும் ஆழமான கட்டிப் பருவால், கிள்ளினால் இன்னும் கூடும். நெஞ்சும் தோளும் கீலாய்டு என்ற மேடு தட்டிய தழும்பு எளிதில் உருவாகும் இடங்கள். வீட்டில் யாருக்காவது காது குத்திய இடத்திலோ அறுவைத் தழும்பிலோ அப்படித் தடித்திருந்தால் உங்களுக்கும் வர வாய்ப்பு உண்டு, அங்கே நகம் படவே கூடாது. வந்துவிட்டால் களிம்பில் கரையாது. மருத்துவர் தழும்புக்குள்ளேயே ஊசி போட்டுப் படிப்படியாகத் தட்டையாக்குவார்.

முதுகு தெளிந்ததும் மருந்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சுரப்பி அங்கேயேதான் இருக்கிறது, சில வாரத்தில் மறுபடி அடைக்கும். மார்கழிக் குளிரில், முக்கியமாக ஓசூர் மேட்டில், தோல் தானாகவே காயும் என்பதால் வாரம் இரண்டு தடவை வாஷ் போட்டால் போதும். பங்குனி பிறந்து வேர்வை கூடத் தொடங்கியதும் ஒருநாள் விட்டு ஒருநாளுக்குத் திரும்புங்கள்.